அந்நியர் இல்லாத நாட்டில் ஒரு நாடாளுமன்றம்

2011 நவம்பர் 10 அன்று ஃபிரெடி பிட்சர், பசிபிக் தீவு நாடான நவூருவின் குடியரசுத் தலைவர் ஆனார். 15ஆம் தேதி நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறிப் பதவி போனது. அதுவரை ஆளும் பக்கம் இருந்த ஸ்பிரெண்ட் டப்விடோ அணி மாறியிருந்தார். அன்றைக்கே நாடாளுமன்றம் அவரைக் குடியரசுத் தலைவராக்கியது. நடுவில் மக்களிடம் யாரும் போகவில்லை. போக வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை.

நவூருவைப் பற்றி எதைப் படித்தாலும் இந்த மாதிரிச் செய்திகளை நகைச்சுவைத் துணுக்கு போலத்தான் எழுதியிருப்பார்கள். பாஸ்பேட் விற்று ஒரு காலத்தில் உலகப் பணக்காரர்களாக இருந்தார்கள், எல்லாவற்றையும் தொலைத்தார்கள், இப்போது ஆஸ்திரேலியா அனுப்பும் அகதிகளை வைத்துப் பிழைக்கிறார்கள் என்று கதை முடிந்துவிடும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் இதை மட்டும் படித்தால் அந்த ஊர் ஆட்களுக்கு ஆளத் தெரியவில்லை என்ற எண்ணம் வந்துவிடும். எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை.

நான் பள்ளியில் கணக்குச் சொல்லித் தருகிறவன். தேர்தல் வந்தால் மற்ற ஆசிரியர்களைப் போல எனக்கும் வாக்குச்சாவடிப் பணி வரும். நவூரு மேல் ஆர்வம் வந்ததே அவர்கள் வாக்கு எண்ணும் முறையால்தான். வேட்பாளர் வாங்கிய வாக்கைத் தசமப் புள்ளிக்கு அப்புறம் மூன்று இலக்கம் வரை அறிவிக்கும் நாடு ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் எந்தக் கணக்கு வாத்தியார் சும்மா இருப்பார்? அதைத் தேடிப் போய், அவர்களுடைய அரசியலமைப்புச் சட்டத்தையே படித்தேன். சின்னச் சட்டம்தான். படித்து முடித்தபோது, சட்டம் மோசமில்லை, அதை ஓட்டுவதற்கு ஆள்தான் போதவில்லை என்று தோன்றியது. ஆள் என்றால் தலைக்கணக்கைச் சொல்லவில்லை. ஒருவருக்கொருவர் அந்நியராக இருக்கிற ஆள்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். 21 சதுர கிலோமீட்டர் தீவு. மக்கள் சுமார் 12,000 பேர். நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே தனியாகக் கிடக்கிறது. நீலக் கொடியில் குறுக்கே போகும் மஞ்சள் கோடு நிலநடுக்கோடு, அதற்குக் கீழே இருக்கும் வெள்ளை நட்சத்திரம் தீவு. நட்சத்திரத்தின் 12 முனைகள் 12 குலங்களைக் குறிக்கின்றன. குலம் தாய்வழியாக வருகிறது. தலைநகர் என்று அதிகாரபூர்வமாக ஒன்று கிடையாது. நாடாளுமன்றம் யாரென் மாவட்டத்தில், விமான ஓடுதளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஜெர்மனி 1888இல் தீவைப் பிடித்தது. முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியா பிடித்தது. அப்புறம் ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து பாஸ்பேட்டைத் தோண்டின. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் வந்து, சுமார் 1,200 நவூரு மக்களை ட்ரக் தீவுகளுக்கு நாடுகடத்தியது. உயிரோடு திரும்பியவர்கள் 737 பேர். அவர்கள் 1946 ஜனவரி 31 அன்று ஊர் வந்து சேர்ந்தார்கள். 22 வருடம் கழித்து, 1968இல் சுதந்திரம் வாங்கியபோது அதே ஜனவரி 31ஐத் தேர்ந்தெடுத்தார்கள். இடையில் ஆஸ்திரேலியா ஒரு யோசனை சொல்லியிருந்தது: தீவு முழுக்கத் தோண்டியாகிவிட்டது, எல்லோரையும் குவின்ஸ்லாந்துக் கரையோரம் இருக்கும் கர்ட்டிஸ் தீவில் குடியேற்றிவிடலாம் என்று. 1964இல் நவூரு மக்கள் முடியாது என்றார்கள். தனி நாடாக இல்லாமல் ஆஸ்திரேலியக் குடிமக்களாகப் போக அவர்களுக்கு விருப்பமில்லை. ஆளத் தெரியாதவர்கள் என்று கேலி செய்பவர்கள் இந்த ஒரு முடிவையாவது நினைத்துப் பார்க்கலாம்.

அரசியலமைப்பை எழுதுவதற்கு ஆலோசகராக வந்தவர் ஜிம் டேவிட்சன் என்ற நியூசிலாந்து வரலாற்றாசிரியர். பிரிட்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்ற முறையை எடுத்துச் சிறிய தீவுக்குத் தக்கபடி வெட்டித் தைத்தார்கள். அரசி வேண்டாம், ஆளுநர் வேண்டாம், தனியாகப் பிரதமரும் வேண்டாம். நாடாளுமன்றம் தன் உறுப்பினர்களில் ஒருவரைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கும். அவரே நாட்டுக்கும் தலைவர், அரசாங்கத்துக்கும் தலைவர். அவர் உறுப்பினர்களிலிருந்து நாலைந்து பேரை அமைச்சர்களாக்குவார். நிர்வாக அதிகாரம் அமைச்சரவையிடம் கூட்டாக இருக்கும். இத்தனை சிறிய நாட்டுக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாட்டை யோசிப்பது கடினம். முதல் தலைவர் ஹேமர் டிரோபர்ட் இதே சட்டத்தை வைத்து 1976 வரை நிம்மதியாக ஆண்டார். பாஸ்பேட் பணமும் அப்போது நன்றாக வந்துகொண்டிருந்தது.

சபையில் இப்போது 19 இடங்கள். 14 மாவட்டங்களை 8 தொகுதிகளாகச் சேர்த்திருக்கிறார்கள். உபெனிடே தொகுதிக்கு 4 பேர், மெனெங்குக்கு 3 பேர், மற்ற ஆறுக்கும் தலா 2 பேர். மூன்று வருடத்துக்கு ஒரு முறை தேர்தல். 20 வயது ஆனவர்கள் எல்லோரும் கட்டாயம் வாக்களிக்க வேண்டும்.

கட்சி என்று ஏதும் ஊன்றவில்லை. கென்னன் அடியாங் 1987இல் ஒரு ஜனநாயகக் கட்சி தொடங்கினார். 2000களில் நவூரு முதலில் என்ற பெயரில் ஒரு குழு வந்தது. இரண்டும் வேர் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கும்? சில நூறு வாக்குகள் போதும் ஒருவர் ஜெயிக்க. அந்தச் சில நூறில் பெரும் பங்கு சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள். கட்சி என்பது வேட்பாளரைத் தெரியாதவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லும் அடையாளம். நவூருவில் தெரியாதவர் யார் இருக்கிறார்கள்?

சரி, கட்சி இல்லை என்றால் கொறடா இல்லை, கட்டளை இல்லை. கட்சித் தாவலும் இல்லை, தாவுவதற்குக் கட்சியே இல்லையே. ஒவ்வொரு உறுப்பினரும் தனி ஆள். தலைவரை ஆதரிப்பதும் விடுவதும் அவர் விருப்பம். இங்கேதான் சட்டத்தின் 24ஆம் பிரிவு வருகிறது. மொத்த உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் தீர்மானத்தை ஆதரித்தால் தலைவரும் அமைச்சர்களும் போக வேண்டும். ஏழு நாளுக்குள் புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்க முடியாவிட்டால்தான் சபை கலையும். அதாவது, தலைவரைக் கவிழ்க்கிறவர்கள் அடுத்த ஆளை முன்னாலேயே பேசி வைத்திருந்தால் அவர்கள் பதவிக்கு எந்த ஆபத்தும் இல்லை.

விளைவைப் பாருங்கள். 1996 நவம்பர் தொடக்கத்தில் லகுமோட் ஹாரிஸ் தலைவர். அந்த மாதமே பெர்னார்ட் டோவியோகோ வந்தார். மாதம் முடிவதற்குள் கென்னன் அடியாங். டிசம்பரில் ரூபன் குன். தேர்தல் நடந்து 1997 பிப்ரவரியில் கின்சா குளோடுமர். சுமார் மூன்று மாதத்தில் ஐந்து பேர். 2003இல் இதைவிடக் குழப்பம். ஜனவரியில் ரெனே ஹாரிஸும் டோவியோகோவும் மாறி மாறித் தலைவர்கள் ஆனார்கள். மார்ச்சில் டோவியோகோ வாஷிங்டனில் சிகிச்சையின்போது பதவியிலேயே இறந்தார். மே மாதத்தில் லுட்விக் ஸ்காட்டி. ஆகஸ்டில் மறுபடி ரெனே ஹாரிஸ். 2004 ஜூனில் மறுபடி ஸ்காட்டி. பெயர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். ஆட்சி ஓயாமல் மாறுகிறது, ஆட்கள் மாறவில்லை. ஒரு சின்ன வட்டத்துக்குள் அதே சிலர் சுற்றி வருகிறார்கள். கென்னன் அடியாங்கின் மகன் டேவிட் அடியாங் 2023இல் குடியரசுத் தலைவர் ஆனார்.

கிட்டத்தட்ட இதே அளவுப் பிரச்சினைகள் கொண்ட பக்கத்து நாடு கிரிபாட்டி. அங்கே சட்டம் வேறு மாதிரி. நாடாளுமன்றம் மூன்று அல்லது நான்கு பேரை முன்மொழியும், அவர்களில் ஒருவரை மக்கள் நேரடியாகத் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறினால் அவர் போவார், சபையும் கூடவே கலையும். தேர்தல் முடியும் வரை சபாநாயகர், தலைமை நீதிபதி, அரசுப் பணி ஆணையத் தலைவர் மூவரும் சேர்ந்து நாட்டை நடத்துவார்கள். கவிழ்க்க நினைக்கிறவர் தன் இடத்தையும் பந்தயத்தில் வைக்க வேண்டும். 1994லும் 2003லும் அப்படிக் கவிழ்த்திருக்கிறார்கள். ஆனால் நவூரு மாதிரி மாதத்துக்கு ஒரு தலைவர் என்ற நிலை வரவில்லை. பசிபிக் மக்களுக்கே நிலையான ஆட்சி ஒத்துவராது என்று பேசுகிறவர்களிடம் நான் இந்த இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்வேன்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன், வாக்கு எண்ணிக்கை.

நவூருவில் வாக்குச்சீட்டில் இருக்கிற எல்லா வேட்பாளர்களுக்கும் 1, 2, 3 என்று வரிசை எண் போட வேண்டும். ஒருவரையும் விடக் கூடாது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பழக்கம் இது. சுதந்திரத்துக்கு அப்புறம் கொஞ்ச காலம் எண்ணும் முறையும் ஆஸ்திரேலிய முறையாகவே இருந்தது. 1971இல் அதை மாற்றினார்கள். மாற்றத்தை வடிவமைத்தவர் அப்போது நீதித்துறைச் செயலராக இருந்த டெஸ்மண்ட் டௌடால் என்ற அயர்லாந்துக்காரர். அவர் பெயரிலேயே டௌடால் முறை என்கிறார்கள். முதல் இடம் கொடுத்தவருக்கு 1 வாக்கு. இரண்டாவது இடத்துக்கு அரை. மூன்றாவதுக்கு மூன்றில் ஒன்று. பத்தாவது இடத்துக்குப் பத்தில் ஒன்று. எல்லாவற்றையும் கூட்டி, அதிகம் வாங்கியவர்கள் ஜெயிப்பார்கள். கடைசியில் இருப்பவரைச் சுற்றுச் சுற்றாக நீக்குவது, அவர் வாக்கை மற்றவருக்கு மாற்றுவது எதுவும் கிடையாது.

பத்து வேட்பாளர்கள் இருந்தால் ஒரு சீட்டின் மொத்த மதிப்பு 2.929. 1, 1/2, 1/3 என்று போகும் இந்தத் தொடரைப் பள்ளியில் இசைத் தொடர் என்று நடத்துகிறோம். இதனால் என்ன பயன் என்று மாணவர்கள் கேட்டால் இனிமேல் நவூரு நாடாளுமன்றத்தைக் காட்டலாம்.

இது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 வாக்காளர்கள், 10 வேட்பாளர்கள். ஒருவருக்கு 150 பேர் முதல் இடம் தருகிறார்கள், மற்ற 150 பேருக்கு அவரைச் சுத்தமாகப் பிடிக்காது, கடைசி இடம். இன்னொருவரை 300 பேரும் இரண்டாவதாகப் போடுகிறார்கள். யார் முன்னால் இருப்பார்? முதல் ஆளுக்கு 150 + 15 = 165. இரண்டாம் ஆளுக்கு 150. தீவிர ஆதரவு வைத்திருப்பவர்தான் முன்னால். முதல் இடத்துக்கு 10, அடுத்ததற்கு 9 என்று சீராகக் குறைத்துக்கொண்டு போகும் போர்டா முறையாக இருந்தால் முதல் ஆளுக்கு 1,650, இரண்டாம் ஆளுக்கு 2,700. முடிவு தலைகீழ். போர்டா முறையில் போட்டியாளரைக் கடைசியில் தள்ளினால் அவருக்குப் பெரிய அடி விழும். அதனால் வாக்காளர்கள் தந்திரமாக வரிசை போடுவார்கள். டௌடால் முறையில் ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் வித்தியாசமே இல்லாத மாதிரிதான். சண்டை முழுவதும் முதல் இரண்டு மூன்று இடங்களுக்கு.

இந்த முறை அந்தத் தீவில் ஐம்பது வருடத்துக்கு மேல் நீடித்ததற்கு கணக்கைத் தாண்டி ஒரு காரணம் இருக்கும் என்பது என் ஊகம். அத்தை மகனும் நிற்கிறார், சித்தப்பாவும் நிற்கிறார், வேலை வாங்கிக் கொடுத்தவரும் நிற்கிறார். ஒரே ஒரு முத்திரைதான் என்றால் இரண்டு பேரிடம் பொய் சொல்ல வேண்டும். இங்கே எல்லோருக்கும் ஏதோ ஒரு பங்கு போகிறது. "உங்களுக்கும் போட்டேன்" என்று யாரிடம் சொன்னாலும் அது உண்மைதான்! எங்கள் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது ஒரு நண்பர், "12,000 பேருக்கு எதுக்கு சார் இவ்வளவு கணக்கு, கூடிப் பேசி முடிக்க வேண்டியதுதானே" என்றார். கூடிப் பேசினால் யார் யாருக்கு எதிராகக் கை தூக்கினார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். ரகசிய வாக்குச்சீட்டின் அருமை சின்ன ஊரில்தான் அதிகம்.

ஒன்றில் மட்டும் இந்தக் கணக்கு எந்த உதவியும் செய்யவில்லை. முதல் பெண் உறுப்பினர் ரூபி டெடியா 1986இல் சபைக்கு வந்தார். அவருக்கு அடுத்த பெண் சார்மெய்ன் ஸ்காட்டி வந்தது 2013இல். குலம் தாய்வழியாக வருகிற சமூகம் என்று மேலே எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

இனி 2010. அந்த வருடம் பிப்ரவரி 27 அன்று ஒரு பொது வாக்கெடுப்பு நடந்தது. பல வருடம் ஆய்வு செய்து தயாரித்த சீர்திருத்தங்கள், அதில் முக்கியமானது தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது. நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்று போட்டார்கள். ஏப்ரல் 24 அன்று பொதுத் தேர்தல். அப்போது சபையில் 18 இடங்கள், ஒன்பதுக்கு ஒன்பது என்று சம பலத்தில் முட்டிக்கொண்டிருந்தார்கள். தேர்தல் முடிவு வந்தபோது 18 பேரும் அப்படியே திரும்பி வந்திருந்தார்கள்.

இரண்டு அணிகளும் சபாநாயகர் பதவிக்கு ஆள் தர மறுத்தன. நாற்காலியில் உட்காருகிறவர் வாக்களிக்க முடியாமல் போனால் எட்டுக்கு ஒன்பது ஆகிவிடும். சபாநாயகர் இல்லாமல் தலைவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. யாராவது ஒருவர் ஒப்புக்கொண்டு உட்காருவதும் சில நாளில் விலகுவதுமாக வாரங்கள் போயின. நெருக்கடி நிலை அறிவித்து, சபையைக் கலைத்து, ஜூன் 19 அன்று மறுபடி தேர்தல். இந்த முறை ஒரே ஒருவர் மாறினார். முட்டல் தீரவில்லை. கடைசியில் நவம்பர் 1 அன்று, முன்னாள் தலைவர் லுட்விக் ஸ்காட்டி சபாநாயகராக ஒப்புக்கொண்டார். மார்க்கஸ் ஸ்டீஃபன் மறுபடி தலைவர் ஆனார். காமன்வெல்த் போட்டிகளில் பளுதூக்கித் தங்கம் வாங்கியவர் இவர். அவருடைய வாழ்க்கையில் இந்த ஆறு மாதமும் லேசாக இருந்திருக்காது.

வெஸ்ட்மின்ஸ்டர் முறையில் சபாநாயகர் என்பவர் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆள். 600 பேர் இருக்கிற சபையில் ஒருவரை அப்படி ஒதுக்கி வைக்கலாம். 18 பேர் சபையில் பொதுவான ஆளுக்கு எங்கே போவது? 2013 தேர்தலுக்கு மெனெங் தொகுதியில் ஓர் இடம் கூட்டி 19 ஆக்கினார்கள். சமம் வராமல் இருக்க ஒற்றை எண். எளிய தீர்வு, ஆனால் ஒரு நாட்டின் அரசியல் சிக்கலை ஒன்று கூட்டித் தீர்த்தார்கள் என்பதில் எனக்குத் தொழில்முறை மகிழ்ச்சி.

சபாநாயகரை வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. நீதிபதிகளைக் கொண்டுவந்தார்கள். தொடக்கத்திலிருந்தே நவூருவின் தலைமை நீதிபதி பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்தோ ஃபிஜியிலிருந்தோ வந்தவர். சொந்தக்காரர் வழக்கைச் சொந்தக்காரர் விசாரிக்க முடியாது என்பதால் இது நியாயமான ஏற்பாடுதான். மேல்முறையீடு இன்னும் தூரம் போனது. 1976இல் போட்ட ஓர் ஒப்பந்தப்படி நவூருவின் பெரும்பாலான வழக்குகளுக்கு இறுதி முறையீடு ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தில். ஒரு சுதந்திர நாடு இன்னொரு நாட்டின் நீதிமன்றத்தைத் தன் கடைசி நீதிமன்றமாக வைத்துக்கொண்டது. யோசித்துப் பார்த்தால், அரசியலமைப்புக்குத் தேவைப்பட்ட அந்நியரை இறக்குமதி செய்துகொண்டார்கள். 2008இல் அப்போது சபாநாயகராக இருந்த டேவிட் அடியாங் ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை, அரசுத் தரப்புக்குத் தெரியாமல் சபையைக் கூட்டி, இரட்டைக் குடியுரிமை வைத்திருப்பவர்கள் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று ஒரு சட்டம் நிறைவேற்றினார். அமைச்சர்களில் சிலரை வெளியே தள்ளுவதுதான் நோக்கம். நவூருவின் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஏற்பாடு வேலை செய்தது.

ஆனால் இறக்குமதி செய்த ஆளுக்கு விசா வேண்டும். விசா கொடுப்பது அரசாங்கம்.

2014 ஜனவரியில் இது வெட்டவெளிச்சமாகியது. பாரன் வாக்கா தலைவர், டேவிட் அடியாங் நீதி அமைச்சர். இரண்டு வெளிநாட்டவரை நாடுகடத்துவதற்கு மாஜிஸ்திரேட் பீட்டர் லா தடை விதித்திருந்தார். அவரைப் பதவி நீக்கி, விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். அதைத் தடுத்து உத்தரவிட்ட தலைமை நீதிபதி ஜெஃப்ரி ஈம்ஸ் அப்போது ஆஸ்திரேலியாவில் இருந்தார். அவருடைய விசாவை ரத்து செய்தார்கள். சில வாரத்தில் அவர் ராஜினாமா செய்தார். தலைமை நீதிபதியை நீக்க அரசியலமைப்பில் தனி நடைமுறை உண்டு, நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். குடிவரவு அலுவலகத்தின் ஒரு முத்திரை அந்தப் பிரிவைத் தாண்டிப் போய்விட்டது. அதே காலத்தில் வெளிநாட்டுப் பத்திரிகையாளர் விசாக் கட்டணத்தை 200 டாலரிலிருந்து 8,000 டாலராக உயர்த்தினார்கள்.

அந்த வருடம் மே, ஜூன் மாதங்களில் எதிரணி உறுப்பினர்கள் ஐந்து பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். வெளிநாட்டு ஊடகங்களிடம் பேசியது மூவர் மேல் வைத்த குற்றச்சாட்டு. 2015 ஜூனில் நாடாளுமன்றத்துக்கு வெளியே ஆர்ப்பாட்டம் நடந்தது. அதில் வழக்குப் போடப்பட்டவர்களை நவூரு 19 என்று அழைக்கிறார்கள், உறுப்பினர் எண்ணிக்கையும் அதே 19 என்பது தற்செயல். அவர்களில் ஒருவர் ஸ்பிரெண்ட் டப்விடோ, முன்பு குடியரசுத் தலைவராக இருந்தவர். வழக்கறிஞர்களையும் வெளியிலிருந்துதான் அழைத்துவர வேண்டும் என்பதால் அதிலும் விசாப் பிரச்சினை. 2017 அக்டோபரில் அந்த 19 பேரில் மூவருடைய தண்டனையை உயர்த்திய தீர்ப்பை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. டிசம்பரில் நவூரு அரசு 1976 ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக நோட்டீஸ் கொடுத்தது. 90 நாள் கழிந்து 2018 மார்ச்சில் அந்த வழி அடைந்தது. சொந்தமாக ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைத்தார்கள். ஒரு நாடு தன் கடைசி நீதிமன்றத்தைத் தன் மண்ணில் வைத்துக்கொள்வதில் எந்தத் தப்பும் இல்லை, கொள்கையாகப் பார்த்தால் நானே கை தட்டுவேன். எந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோது செய்தார்கள் என்பதுதான் உறுத்துகிறது. அந்த 2018 செப்டம்பரிலேயே, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த நீதிபதி ஜெஃப்ரி மூக்கி வழக்கையே நிரந்தரமாக நிறுத்தி வைத்தார். புதிய மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய அந்த உத்தரவை ரத்து செய்தது. 2019 மே மாதம் டப்விடோ ஆஸ்திரேலியாவில் புற்றுநோயால் இறந்தார். டிசம்பரில் மற்றவர்களில் பலருக்குத் தண்டனை வந்தது. இடையில் ஆகஸ்டில் தேர்தல் நடந்து, வாக்கா தன் இடத்தையே இழந்து, லயனல் ஐங்கிமியா தலைவர் ஆகியிருந்தார்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. சுதந்திரத்துக்கு முன்னால் தோண்டிய நிலத்தைச் சீர்படுத்தித் தரவில்லை என்று ஆஸ்திரேலியா மேல் 1989இல் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனார்கள், 1993இல் 107 மில்லியன் ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம் ஆனது. மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் வைத்திருந்தார்கள், 2004இல் விற்றார்கள். 2001இல் அகதிகள் முகாம் வந்தது, 2008இல் மூடியது, 2012இல் மறுபடி திறந்தது. அரசாங்கமே பெரிய முதலாளி, அதனால் அமைச்சர் நாற்காலி என்பது வேலைவாய்ப்புகளின் சாவி. பதவிச் சண்டை ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதற்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது. பாஸ்பேட் அறக்கட்டளைப் பணம் கரைந்த அனுபவத்துக்கு அப்புறம், 2015இல் தொடங்கிய புதிய சேமிப்பு நிதியின் நிர்வாகக் குழுவில் நன்கொடை தரும் தரப்பின் ஆட்களையும் சேர்த்திருக்கிறார்கள். மறுபடி அந்நியர்.

2023 அக்டோபரில் தலைவராக இருந்த ரஸ் குன் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் போனார், மாதக் கடைசியில் டேவிட் அடியாங் வந்தார். 2024 ஜனவரி 15 அன்று தைவானுடன் உறவை முறித்துச் சீனாவுக்கு மாறினார்கள், தைவான் தேர்தல் முடிந்து இரண்டே நாளில். 1980இல் தைவான், 2002இல் சீனா, 2005இல் தைவான் என்று ஏற்கெனவே மாறி மாறி வந்த பாதை அது. அந்த வருடம் டிசம்பரில் ஆஸ்திரேலியாவோடு ஓர் உடன்படிக்கை: ஐந்து வருடத்தில் 100 மில்லியன் டாலர் பட்ஜெட் உதவி, காவல்துறைக்கு 40 மில்லியன். பதிலுக்கு, பாதுகாப்பு, வங்கி, தொலைத்தொடர்பு போன்ற விஷயங்களில் வேறு நாடுகளோடு ஒப்பந்தம் போடுவதற்கு முன் ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும். நீதிமன்றத்துக்கு ஆஸ்திரேலியா வேண்டாம் என்று 2018இல் சொன்ன அரசியல்வாதிகளில் சிலர் இதில் கையெழுத்துப் போட்ட அரசில் இருந்தார்கள். குடிமக்களின் முறையீட்டைக் கேட்ட அந்நியர் போய், அமைச்சரவைக்குப் பணம் தரும் அந்நியர் வந்திருக்கிறார். இரண்டில் எது ஒரு சாதாரண நவூருக்காரருக்குப் பயன்பட்டது என்று கேட்டால் நான் முதலாவதைத்தான் சொல்வேன்.

என் கையில் பேனா இருந்தால் 24ஆம் பிரிவில் கிரிபாட்டியின் ஒரு வரியைச் சேர்ப்பேன்: தலைவரை நீக்கினால் சபையும் கலையும். நேரடித் தேர்தல் மாதிரி பெரிய மாற்றம் எதுவும் வேண்டாம், இது ஒன்று போதும் என்பது என் கருத்து. அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 19 பேரில் 13 பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை அணி மாறினால் அமைச்சர் ஆகலாம் என்ற நம்பிக்கையில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். அந்த 13 கைகளை எங்கிருந்து கொண்டுவருவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.